‘வேதம் போதுமானது’ என்றால் எதற்குப் போதுமானது? காரைக்குடித் தச்சர் ஒருவரின் கேள்வி

கேள்வி
எழுதியவர்: காரைக்குடி மரவேலை

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். காரைக்குடியில் தச்சுப் பட்டறை நடத்தி வருகிறேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்கு நிலை, கதவு, தூண் ஆகியவற்றைப் பழைய வேலைப்பாடு மாறாமல் தேக்கில் செய்து கொடுப்பதே எங்கள் குடும்பத் தொழில். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீட்டின் தலைவாசல் நிலையைக் கரையான் அரித்துவிட்டது. முன்பு இருந்தபடியே மேற்சட்டத்தில் கஜலட்சுமியும் இருபுறமும் யானைகளும், பக்கச் சட்டங்களில் கொடியும் கிளியும் செதுக்கிப் புதிய நிலை செய்து தருமாறு கேட்டிருக்கிறார்கள். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்களுக்கு வேலை கொடுத்து வரும் வீட்டார் அவர்கள்; எங்களிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை.

எங்கள் சபையின் மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுலே எழுதியிருக்கும்போது மரத்தில் உருவம் செதுக்குவதில் குற்றம் ஏது, வேதம் தடுக்காததை நாம் தடுக்கக் கூடாது என்றார். அதற்குப் பின் ஒரு ஜெபக்கூட்டத்திற்கு வந்திருந்த வெளியூர் ஊழியர், நான் எதுவும் கேளாமலே, “பட்டறையை மூடிவிட்டு வெளியே வா என்று கர்த்தர் உனக்குச் சொல்லுகிறார்” என்று எல்லார் முன்னிலையிலும் கூறினார். அன்று முதல் என் மனைவி மிகவும் கலங்கியிருக்கிறாள். கீழ்ப்படியாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள்.

வேதம் போதுமானது என்று சிறுவயது முதல் எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அது உண்மையானால், என் வயிற்றுப்பாட்டைத் தொடுகிற இந்தக் கேள்விக்கு அதில் ஏன் நேரான விடை காணவில்லை? வேதம் பேசாத இடத்தைத் தீர்க்கதரிசனத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டுமா? நிலை செய்யலாமா கூடாதா என்பதைவிட, எதைக் கொண்டு அதை முடிவுசெய்வது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுவயல்

தம்பி, நீங்கள் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வேதம் போதுமானது என்று சொல்லும்போது எதற்குப் போதுமானது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது. 2 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் அந்த நோக்கம் வெளிப்படையாகவே இருக்கிறது: இரட்சிப்புக்கேற்ற ஞானத்தைத் தருவதும், தேவனுடைய மனுஷனை எந்த நற்கிரியைக்கும் தகுதிப்படுத்துவதும். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவது, இரட்சிப்புக்குத் தேவையான யாவும் வேதாகமத்தில் அடங்கியிருக்கின்றன என்று சொல்வதோடு நிற்கவில்லை. அதில் வாசிக்கப்படாததும் அதைக் கொண்டு நிரூபிக்க முடியாததுமான எதையும் விசுவாசத்திற்கு உரியதென்றோ இரட்சிப்புக்கு அவசியமென்றோ எந்த மனிதனிடமும் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் அமைப்புச் சட்டமும், வேதாகமம் இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தையும் உடையது, விசுவாசத்திற்கு உயர்ந்ததும் தீர்மானமானதுமான அளவுகோல் என்றே ஏற்றுக்கொண்டது.

அந்த ஆறாவது பிரமாணத்தின் பிற்பகுதியே உங்கள் வீட்டுக் கலக்கத்திற்கு மருந்து என்று நினைக்கிறேன். வேதம் போதுமானது என்ற உபதேசம் மூளைக்கு வேலை இல்லை என்று சொல்ல வந்ததல்ல. எளிய விசுவாசியின் மனச்சாட்சிக்குக் காவலாக வந்தது. தேவன் விதிக்காத பாரத்தை அவர் பெயரால் இன்னொரு மனிதன் உங்கள் தோளில் ஏற்ற முடியாது. அந்த ஊழியர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆலோசனையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வேதவசனத்திற்கு இணையான கட்டளையாக அதை ஏற்றுப் பட்டறையை மூட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மூடாவிட்டால் பிள்ளைகளுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்திற்கு வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லுங்கள்.

இனி, விடை ஏன் நேராகக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி. பதினாறாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இதே வழக்கு நடந்தது. தாமஸ் கார்ட்ரைட் முதலிய சீர்திருத்தவாதிகள், மனித வாழ்வில் நேரிடக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும் வேதத்திலிருந்து கட்டளை வேண்டும் என்று வாதிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர் அதை மறுத்தார். அப்படியானால் ஒரு துரும்பை எடுப்பதற்குக்கூட வசனம் தேட வேண்டியிருக்குமே என்றார். அவர் சொன்ன இன்னொன்று என் மனத்தில் தங்கியிருக்கிறது: ஒருவரை நம்ப முடியாத அளவுக்குப் புகழ்ந்தால் அவருக்கு உண்மையாகவே உரிய புகழும் நம்பப்படாமல் போகும், அதுபோல வேதம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லாததையெல்லாம் அதன்மேல் ஏற்றினால், அதில் நிறைவாக இருப்பதையும் மக்கள் மதிக்காமல் போவார்கள். நம் சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் விழுந்த வசனத்தை வைத்து வீடு வாங்கலாமா, மாப்பிள்ளை பார்க்கலாமா என்று தீர்மானிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. வசனத்தை அவ்வளவு மதிப்பதாக எண்ணுகிறார்கள். அந்த வசனம் எழுதப்பட்ட அதிகாரத்தையோ முழுவதும் வாசிப்பதில்லை.

கார்ட்ரைட்டின் வழிவந்தவர்களுங்கூட 1646இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதியபோது அளவோடுதான் எழுதினார்கள். தேவனுடைய மகிமைக்கும், மனிதனின் இரட்சிப்புக்கும், விசுவாசத்திற்கும், வாழ்க்கைக்கும் வேண்டிய யாவும் வேதத்தில் வெளிப்படையாக உள்ளன, அல்லது தகுந்த, தவிர்க்க முடியாத அனுமானத்தால் அதிலிருந்து பெறப்படும் என்றார்கள். புதிய வெளிப்பாடுகளையோ மனித மரபுகளையோ எக்காலத்திலும் அதோடு சேர்க்கக் கூடாது என்றார்கள். ஆராதனை, சபை நிர்வாகம் ஆகியவற்றின் சில சூழ்நிலைகளை இயல்பறிவின் ஒளியாலும் கிறிஸ்தவ விவேகத்தாலும், வேதத்தின் பொதுவிதிகளுக்கு உட்பட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. ஆகவே, அனுமானிப்பதும் ஆலோசிப்பதும் வேதத்தின் போதுமைக்குக் குறைவல்ல.

பதில் 2
எழுதியவர்: பள்ளத்தூர் வாசகன்

சுருக்கமாக ஒன்று. 2 இராஜாக்கள் 5இல் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமானோடு ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலுக்குள் போய்ப் பணிய வேண்டியிருக்கிறதே, அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்டபோது, எலிசா “சமாதானத்தோடே போ” என்றார். தொழிலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. இதையும் சகோதரர் எண்ணிப் பார்க்கலாம்.

பதில் 3
எழுதியவர்: மறைக்கல்வி ஆசிரியை, தேவகோட்டை

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். சகோதரரின் மனச்சாட்சியை யாரும் அச்சுறுத்திக் கட்டக் கூடாது என்பதில் ஆசிரியர் ஐயாவோடு முழுவதும் உடன்படுகிறேன். தனிப்பட்ட வெளிப்பாடு எதுவும் இறைவெளிப்பாட்டோடு சேர்க்கப்படத்தக்கதல்ல என்பது எங்கள் போதனையும்தான். ஆனால், வேதம் போதுமானது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் இவருடைய கேள்வி தீருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இந்த மண்ணிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு உயிர்நீத்த புனித அருளானந்தரிடமும் அவருடைய உபதேசியார்களிடமும் நம்பிக்கையைப் பெற்ற மறவ நாட்டு மக்களின் கையில் தமிழ் விவிலியம் இல்லை. லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததே 1706இல்தான்; அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல்தான் முழுமை பெற்றது. அம்மக்கள் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் காதால் கேட்டு, நாவால் சொல்லி, பிள்ளைகளுக்குக் கொடுத்து, துன்பங்களுக்கு நடுவே காத்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் என்ன குறை? 180ஆம் ஆண்டையொட்டி லியோன் நகரின் ஆயர் புனித இரனேயு, தாளும் மையும் இன்றி ஆவியால் இதயத்தில் எழுதப்பட்ட மீட்பை உடையவர்களாய், பழைய மரபைக் கருத்தாய்க் காத்துவந்த மக்களைப் பற்றி எழுதியது எங்கள் முன்னோருக்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன்.

அடுத்து, உங்கள் இடத்திற்கே வருகிறேன். மூப்பர் ஒருவர் ஒரு வசனத்தைக் காட்டிச் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் வேறொரு வசனத்தைக் காட்டிக் கூடாது எனலாம். இருவரிடமும் இருப்பது ஒரே நூல். ஐந்தாம் நூற்றாண்டில் லெரின் தீவின் துறவி வின்சென்ட் இதைத்தான் கேட்டார்: மறைநூல் எல்லாவற்றிற்கும் தன்னளவில் போதுமானதும் போதுமானதற்கு மேலானதுமாக இருக்கும்போது, அதோடு திருச்சபையின் விளக்கம் எதற்கு? அதன் ஆழத்தினால் எல்லாரும் அதை ஒரே வகையில் புரிந்துகொள்வதில்லை என்பதே அவர் தந்த விடை. பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று தொடக்கத் திருச்சபையில் சிக்கல் எழுந்தபோது, அவரவர் வீட்டில் வாசித்து முடிவெடுக்கவில்லை. திருத்தூதர் பணிகள் 15இல் எருசலேமில் கூடி, தூய ஆவியாரும் தாங்களும் தீர்மானித்ததாக எழுதி அனுப்பினார்கள்; சிலைகளுக்குப் படைத்த உணவைத் தவிர்ப்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டு, திருச்சபை வெளிப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும் பற்றிய உறுதியை மறைநூலிலிருந்து மட்டுமே பெறுவதில்லை என்கிறது. ஆசிரியம், அதாவது திருச்சபையின் போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிபுரிவது என்பதும் அதே ஏட்டில் உண்டு. எந்த நூல்கள் மறைநூல்கள் என்ற பட்டியலையே திருச்சபையின் கையிலிருந்துதானே நாம் எல்லாரும் பெற்றோம்?

பதில் 4
எழுதியவர்: இறையியல் மாணவன், காரைக்குடி

அண்ணன், நீங்கள் கேட்ட கேள்வியை இதே வடிவத்தில் ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்துக் கைவினைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். விக்கிரக வழிபாட்டைப் பற்றி அந்நகரின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிய நூலில் அவர்களுடைய வாதங்கள் பதிவாகியிருக்கின்றன. எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்றார்கள். அழைக்கப்பட்ட நிலையிலேயே அவனவன் நிலைத்திருக்கட்டும் என்று பவுல் சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்டார்கள். தெர்த்துல்லியன் இரண்டையும் ஏற்கவில்லை. வணங்குவதை மட்டுமல்ல, வணங்குவதற்கென்று உண்டாக்குவதையும் கற்பனை தடுக்கிறது என்றார். ஆனால் பட்டறையை மூடச் சொல்லவுமில்லை. மரத்தில் மார்ஸ் தேவனின் உருவத்தைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு அலமாரி செய்வது எவ்வளவு எளிது என்று கேட்டார். பூச்சுவேலைக்காரன் சுவர் பூசலாம், கூரை பழுதுபார்க்கலாம் என்று ஒவ்வொரு தொழிலாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தொழிலாளியின் கைத்திறனை மதித்து எழுதப்பட்ட பகுதி அது என்றே எனக்குப் படுகிறது.

அவர் வேதத்தை அணுகிய விதத்தையும் கவனிக்க வேண்டும். அரங்கக் காட்சிகளுக்குப் போகக் கூடாது என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று சிலர் கேட்டபோது, அப்படி ஒரு வாக்கியம் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பிறகு முதலாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எடுத்து அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று காட்டினார். வேதம் பெயர் சொல்லாத ஒன்றைப் பற்றி வேதம் மௌனமாயிருக்கிறது என்று நாம் அவசரப்பட்டு முடிவுசெய்கிறோம். உங்கள் மூப்பர் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் நின்றுவிட்டார். பவுல் அங்கே நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியைப் பற்றிப் பேசுகிறார். பத்தாம் அதிகாரத்தில் விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்கிறார். பிறகு கடையில் விற்கும் எதையும் விசாரியாமல் வாங்கிப் புசிக்கலாம் என்றும், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் புசிக்க வேண்டாம் என்றும் பிரித்துக் காட்டுகிறார். பொருள் ஒன்றுதான்; அது எந்த நோக்கத்தோடு உங்கள் முன் வைக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

நாகமானைப் பற்றிச் சொன்ன சகோதரருக்கு: அவன் எஜமானைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைத்தான் குறிப்பிட்டான், ரிம்மோனுக்கு உருவம் செய்து கொடுக்க அனுமதி கேட்கவில்லை.

மறுமொழி
எழுதியவர்: காரைக்குடி மரவேலை

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் பதிலை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அக்காவின் பதிலையும் இருவரும் படித்தோம்.

இரண்டு விளக்கம் வேண்டும். நிலை வைக்கும் நாளில் அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, பூசை செய்வார்கள். அது எந்த வீட்டு நிலைக்கும் உண்டு. உருவம் இல்லாத வெறும் சட்டமானாலும் உண்டு. அப்படியானால் நிலை செய்வதே கூடாதா? யானை, கிளி, தாமரை, கொடி ஆகியவற்றையும் விட வேண்டுமா? இன்னொன்று: ஐயா, இது வேதத்திலிருந்து பெறப்பட்ட முடிவு என்று நான் சொல்லும்போது, என் சொந்தக் கருத்தை வேதத்தின் பெயரால் சொல்லவில்லை என்று எப்படி உறுதிசெய்வது? அக்கா கேட்ட கேள்வியின் கூர்மை எனக்கு அங்கேதான் படுகிறது.

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுவயல்

முதலில் சகோதரிக்கு. ஓரியூரைச் சுற்றியிருந்த அந்த முதல் தலைமுறை விசுவாசிகளை நினைத்து நானும் தலைவணங்குகிறேன். ஆனால், வேதம் போதுமானது என்பது ஒவ்வொருவர் கையிலும் புத்தகம் இருந்தாக வேண்டும் என்பதல்ல. அவர்கள் காதால் கேட்டு மனத்தில் காத்த விசுவாசப் பிரமாணத்தில் பரமபிதா, குமாரன், சிலுவை, உயிர்த்தெழுதல் என்று நான் காண்பவை யாவும் வேதத்தில் உள்ளவையே. நீங்கள் குறிப்பிட்ட இரனேயுவே, நீங்கள் காட்டிய பகுதி இருக்கிற அவருடைய நூலின் மூன்றாம் புத்தகத்தின் தொடக்கத்தில், அப்போஸ்தலர் முதலில் பிரசங்கித்ததைப் பின்னர் தேவசித்தத்தின்படி எழுத்தில் ஒப்புவித்தார்கள், அது நம் விசுவாசத்தின் அடித்தளமும் தூணுமாக இருக்கும்படிக்கு என்கிறார். பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்று நாம் வைத்திருக்கிறபடி முதன்முதலாகப் பட்டியலிட்ட கடிதம் என்று அறியப்படுவது அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு 367இல் எழுதியது. அந்தப் பட்டியலை முடித்த கையோடு, இவற்றில் மட்டுமே தேவபக்தியின் உபதேசம் அறிவிக்கப்படுகிறது, இவற்றோடு ஒருவனும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று எழுதினார். சபை அந்தப் புத்தகங்களுக்குச் சாட்சி சொன்னது. சாட்சி சொன்னதால் அவற்றிற்கு அதிகாரம் கொடுத்ததாகாது. எருசலேம் சங்கத்திலும் யாக்கோபு தம் முடிவை ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கியத்தைக் காட்டியே சொன்னார்.

ஆயினும் வின்சென்ட் சொன்ன இடத்தில் சகோதரிக்கு நான் செவிகொடுக்க வேண்டும். எத்தியோப்பிய மந்திரி தேரில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு தேவைப்பட்டான். தனியொருவன் தன் அறைக்குள் உட்கார்ந்து இரண்டாயிரம் ஆண்டுச் சபையின் வாசிப்பைப் புறந்தள்ளி, ஆவியானவர் எனக்குச் சொன்னார் என்று பேசுவதற்குச் சீர்திருத்தச் சபைகளும் இடம் கொடுத்ததில்லை. போதகர்களும் பழைய விசுவாச அறிக்கைகளும் முன்னோரின் எழுத்துகளும் நமக்கு உண்மையான உதவிகள். அவை தவறக்கூடியவை, வேதத்தால் திருத்தப்படக்கூடியவை என்பதே நம்மிடையே உள்ள வேறுபாடு. அந்த வேறுபாடு சிறியதல்ல. அதை இந்த ஒரு உரையாடலில் தீர்த்துவிட முடியும் என்று நான் எண்ணவில்லை.

இனி, தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு. உறுதிக்கு அளவுகள் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மை. வணக்கத்திற்கென்று உருவம் உண்டாக்கக் கூடாது என்பது யாத்திராகமம் 20இல் எழுதப்பட்ட கட்டளை. அங்கே கர்த்தர் சொல்லுகிறார் என்று துணிந்து சொல்லலாம். தலைவாசலில் உள்ள கஜலட்சுமி அலங்காரமா, வணக்கத்திற்குரிய உருவமா என்பது செட்டிநாட்டு வழக்கத்தை அறிந்து செய்கிற தீர்ப்பு. அங்கே நான் இப்படி நினைக்கிறேன் என்று மட்டுமே சொல்ல முடியும். அது வெறும் அலங்காரமல்ல, அந்த வீட்டார் பக்தியோடு பார்க்கிற உருவம் என்று நான் நினைப்பதால், அதைச் செதுக்குவதை விட்டுவிடுங்கள் என்று ஆலோசனை சொல்வேன். வேறொரு விசுவாசி வேறு முடிவுக்கு வந்தால் அவரைச் சபைக்குப் புறம்பாக்க எனக்கு அதிகாரம் இல்லை.

நிலையும் யானையும் கிளியும் வேறு. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் கதவுகளிலேயே கேருபீன்களும் பேரீச்சமரங்களும் விரிந்த பூக்களும் செதுக்கப்பட்டிருந்தன என்று 1 இராஜாக்கள் 6இல் இருக்கிறது. மரத்தில் சித்திரவேலை செய்யும்படி பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் யாத்திராகமம் 31இல் சொல்கிறார். உளியைப் பிடிக்கிற கையைப் பற்றி வேதம் அவ்வளவு உயர்வாகப் பேசியிருக்க, பட்டறையை மூடு என்ற சொல்லை நான் எப்படி எளிதில் ஏற்பேன்? நிலை வீட்டிற்கு வாசல். நீங்கள் செய்து கொடுத்தபின் அவர்கள் அதற்குச் செய்யும் சடங்கு அவர்களுடைய செயல். அந்தச் சடங்கில் நீங்கள் பங்கெடுக்காமல் மரியாதையோடு விலகி நிற்கலாம்.

அந்த வீட்டாரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். சட்டங்களையும் கொடியையும் கிளியையும் முழு வேலைப்பாட்டோடு செய்து தருகிறேன். மேற்சட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் எங்கள் விசுவாசத்தின் பொருட்டுச் செய்ய இயலவில்லை, அந்த இடத்தை வெறும் பலகையாக விட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தை இத்தனை காலம் அறிந்தவர்கள் அதைக் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். கேளாமல் வேலை கைவிட்டுப் போனாலும் போகலாம். அதற்கும் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு போங்கள்.

அந்த ஊழியர் மறுபடியும் வந்தால் சண்டையிட வேண்டாம். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன பவுல் அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் சபைப் போதகர் முன்னிலையில், வேதத்தின் எந்தப் பகுதியின் பேரில் அதைச் சொன்னார் என்று அமைதியாகக் கேளுங்கள். அப்போது உங்கள் மனைவியும் உடன் இருக்கட்டும்.